வசதியான ஊரில் விடுபட்ட வீட்டைக் கண்டுபிடித்து உதவி சேர்ப்பது எப்படி

நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பல்பரிமாண வறுமைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நூற்றில் இரண்டு பேர்தான் ஏழை என்றாகிவிட்ட ஊரில் அந்த இரண்டு பேரை யாரும் தேடிப் போவதில்லை. குமரி மாவட்டத்தில் தேடினாலும் லேசில் தென்படமாட்டார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் தெருவாக வரிசையில் இருப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி விளைக்குள் (தோட்டத்துக்குள்), மதிலுக்குப் பின்னால் இருக்கும். வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடி வீட்டுக்குப் பின்புறம், சுவரோடு இறக்கிய ஒரு சாய்ப்பில், தனியாகப் பொங்கித் தின்கிற தாய் இருப்பார். கணக்கெடுக்க வருபவர் முன்வாசலைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு மகளிர் குழுவோ, கத்தோலிக்கப் பங்கின் அன்பியக் குழுவோ, ஊர்க் கமிட்டியோ, இளைஞர் மன்றமோ தங்கள் வார்டில் இப்படி விடுபட்டவர்களுக்கு உதவி கிடைக்கச் செய்ய விரும்பினால், வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதே இந்தக் குறிப்பு.

முதலில் எல்லையைப் பாருங்கள்

உங்கள் வார்டு ஊராட்சியா, பேரூராட்சியா? இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் பாதி உழைப்பு வீண். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்த மாவட்டத்தின் 82 விழுக்காடு நகர்ப்புறம். ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் நிற்கிற இடம்கூட காகிதத்தில் நகரம். பேரூராட்சிக்குள் இருப்பவருக்கு நாம் நூறு நாள் வேலை என்று சொல்லும் ஊரக வேலை கிடையாது. குடிசைக்குப் பதில் 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டித் தரும் கலைஞர் கனவு இல்லமும் ஊராட்சிப் பகுதிக்கானதுதான். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்குக் கிடைப்பது அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காது. பேரூராட்சி ஏழைக்கு ஓய்வூதியமும் ரேஷனும் மருத்துவக் காப்பீடும்தான் பிடிமானம். அங்கே அதில்தான் உழைப்பைச் செலுத்த வேண்டும்.

யாரைக் கேட்பது, எப்போது போவது

வீடு வீடாகத் தட்டுவதற்கு முன் மூன்று பேரைக் கேளுங்கள்: அங்கன்வாடி ஊழியர், 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரை கொண்டு போகிறவர், ரேஷன் கடை விற்பனையாளர். யார் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார், யார் பாமாயிலுக்குக் காசில்லாமல் அரிசியை மட்டும் வாங்கிப் போகிறார் என்பது இவர்களுக்குத் தெரியும்.

போக ஏற்ற காலம் ஜூன், ஜூலை. அடைமழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜனவரியில் சமாளித்துக்கொண்டிருக்கும் வீடு ஜூலையில் கடன் வாங்கும். நேரம், மாலை நான்கு மணிக்கு மேல்; அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) போன பெண்கள் அப்போதுதான் திரும்பியிருப்பார்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒரு மாலைக்குப் பத்து வீடு போதும். கேமரா வேண்டாம். சாப்பாடு கொடுத்துப் படம் பிடிக்கிற வழக்கத்தால்தான் மானமுள்ள குடும்பங்கள் வாசலைச் சாத்திக்கொள்கின்றன.

"வருமானம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள், பதில் சரியாக வராது. போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, கடையில் பற்று எவ்வளவு, வாரத் தவணை எத்தனை கடன் குழுவுக்குக் கட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். "நேத்து ராத்திரி என்ன கறி வச்சிய?" என்ற ஒரு கேள்வி பல கேள்விகளுக்குச் சமம். மூன்று நாளாகக் கட்டன்சாயாவும் (பால் விடாத தேநீர்) மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) என்றால், உங்கள் நோட்டில் அந்த வீட்டுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

காகிதங்களின் வரிசை

பெரும்பாலான மனுக்கள் விழுவது இங்கேதான். உதவித்தொகை விண்ணப்பத்தை முதலில் போடாதீர்கள். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் சரி செய்த பிறகே விண்ணப்பம்.

தாயின் பெயர் மகனின் அட்டையில் இருக்கும்வரை அரசுக் கணக்கில் அவர் வசதியான வீட்டுக்காரர். தனிச் சமையல் உண்மையாகவே நடக்கிறது என்றால், அந்த அட்டையிலிருந்து பெயரை நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்கு வருபவர் அடுப்பைப் பார்ப்பார். இல்லாத அடுப்பைக் காட்டச் சொல்லிக் கொடுக்காதீர்கள், அது அடுத்த உண்மையான மனுவையும் கெடுக்கும். அட்டையின் வகையையும் பாருங்கள். அந்தியோதயா அட்டை என்றால் வீட்டில் எத்தனை பேர் என்று பாராமல் மாதம் 35 கிலோ அரிசி. மிக ஏழ்மையான வீடு வேறு வகையில் இருந்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் வகை மாற்றக் கேட்டு மனு கொடுக்கலாம்.

ஆதாரில் பிறந்த ஆண்டைப் பாருங்கள். அறுபத்தைந்து வயதுக்காரர் அட்டையில் ஐம்பத்தெட்டாக இருப்பது சகஜம். அன்று யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன தேதி. பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த முடியும், எனவே சரியான சான்று கையில் வந்த பிறகே போங்கள். பெயர் எழுத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி. ஒன்றில் ரெத்தினம், மற்றதில் ரத்தினம். நம் பக்கத்து உச்சரிப்பு இப்படித்தான் காகிதத்தில் இடறும்.

அண்டி ஆபீஸில் வேலை செய்தவரின் விரலைப் பிடித்துப் பாருங்கள். முந்திரித் தோடு உடைக்கும்போது கசியும் எண்ணெய் தோலைப் பொள்ளவைத்து, நுனி கறுத்து வழவழவென்றிருக்கும். கைரேகை இயந்திரத்தில் ரேகை விழாது. "நாளைக்கு வாங்க" என்று மூன்று முறை கேட்டவர் நான்காம் முறை போகமாட்டார். கருவிழிப் பதிவையோ செல்போனுக்கு வரும் கடவு எண்ணையோ கேட்டுப் பெறுங்கள். செல்போன் எண் அட்டையோடு இணைந்திருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கில் இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லையென்றால் அது முடங்கியிருக்கும். பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் உயிர்ப்பித்த பிறகுதான் அடுத்த வேலை.

எந்த உதவி

அறுபது வயதான ஆதரவற்றவருக்கு முதியோர் உதவித்தொகை. 2023 ஆகஸ்டில் இது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. விதவைக்குத் தனி உதவித்தொகை உண்டு. அதிகம் விடுபடுவது கணவர் வேலைக்கென்று போய்த் திரும்பாத பெண்கள். இறப்புச் சான்று இல்லாததால் விதவை மனு தள்ளுபடியாகும். அவர்கள் கேட்க வேண்டியது கணவரால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை. முப்பது வயதும், குறைந்தது ஐந்து ஆண்டு பிரிவும் வேண்டும். கடலில் காணாமல் போனவரின் வீட்டில் முதல் வேலை கடலோரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு. ஏழு ஆண்டு கேள்விப்படாதவர் இறந்ததாகக் கருதப்படுவார். அந்தக் கணக்குக்கு வலுவான ஆதாரம் அந்தப் பதிவுதான்.

மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்க வேண்டும். நோய் வந்த பிறகு இதற்கு அலைவதுதான் பல வீடுகளைக் கடனில் தள்ளுகிறது.

தள்ளுபடியானால்

இ-சேவை மையத்தில் தந்த விண்ணப்ப எண் நோட்டில் இருக்க வேண்டும். வாய்மொழியாக "கிடைக்காது" என்றால் ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் வர வேண்டும். அதோடு திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரு நகல்.

அடிக்கடி எழுதப்படும் காரணம் "மகன் இருக்கிறார்" என்பது. இருக்கிறார், பார்ப்பதில்லை. 2007 முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். ஆனால் மகனுக்கு எதிராக மனு கொடுக்கப் பெரும்பாலான தாய்மார் சம்மதிக்கமாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். மகன் பராமரிப்பதில்லை என்பதை விசாரணையில் சொல்ல அக்கம்பக்கத்து இரண்டு பேரைத் தயாராக வைத்தாலே பல மனுக்கள் நிற்கும்.

ஊராட்சி என்றால் கிராம சபையில் பெயர்ப் பட்டியலைத் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். பெயரைப் பொதுவில் வாசிக்க அந்த வீட்டாரின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் கதவு எண் மட்டும்.

ஆணை கைக்கு வந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். அடுத்த மூன்று மாதம் பாஸ்புக்கில் வரவு விழுந்ததா என்று நேரில் போய்ப் பாருங்கள். முதல் மாதம் விழுந்து இரண்டாம் மாதம் நின்றுபோன கணக்குகள் உண்டு, பாட்டி அதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார்.