கடல் களிமண்ணை மாடல் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பைப் பக்கத்துத் தாணே கழிமுகத்தை ஒட்டி, மண்ணைச் சோதிக்கும் துளையான போர்ஹோல் போட்டால், பல இடங்களில் முதலில் கைக்கு வருவது கருஞ்சாம்பல் நிறக் கடல் களிமண். அதற்குக் கீழே முரம் (சிதைந்த பாறை மண்), அப்புறம் பாஸல்ட் என்ற எரிமலைப் பாறை. செம்பூர், வாஷி பக்கமிருந்து டிசைன் ஆபீஸ் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக மண்ணின் நடத்தையைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்யும்போது வரும் தவறுகளை இந்தக் களியை வைத்தே சொல்கிறேன்.

ஆபத்தான தவறு இது: சுமை வேகமாக ஏறி நீர் வடியாத நிலையை ஆராயும்போது, மண் எப்போது உடையும் என்று சொல்லும் எளிய மோர்-கூலம் மாடலில் எஃபெக்டிவ் அளவுருக்களை (நீரழுத்தம் கழித்து, மண்துகள்கள் தாங்கும் அழுத்தத்துக்கான மதிப்புகளை) கொடுத்துவிட்டு, வலிமையை சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. மென்களி நறுக்குவிசையில் சுருங்கப் பார்க்கும். நீருக்கு வெளியேற வழியில்லை; நீரழுத்தம் ஏறும், வலிமை குறையும். அந்த மாடலிலோ உடையும்வரை இந்தச் சுருக்கமே கிடையாது. அதனால் இல்லாத வலிமையைக் காட்டும். 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலை அருகே சுரங்க ரயிலுக்கான பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். பள்ளச் சுவர்களைத் தாங்கும் ஸ்ட்ரட்களின் (குறுக்குத் தாங்கிகளின்) இணைப்புகளின் பலவீனத்தோடு இந்தத் தவறும் விசாரணையில் வெளிவந்தது. அங்கேயும் கடல் களிதான். ஆகவே மாடல் தரும் வலிமையை, திருத்தம் செய்த வேன் ஷியர் மதிப்போடு (களிக்குள் தகடுகளைச் சுழற்றி அளக்கும் வலிமையோடு) ஒவ்வொரு ஆழத்திலும் ஒப்பிட்டே தீர வேண்டும்.

சரி, உடையும் முன்பே வரும் சுருக்கத்தையும் கணக்கில் எடுக்கும் மாடிஃபைடு கேம் கிளே மாடலுக்கு மாறினால் போதுமா? 1968-இல் ராஸ்கோவும் பர்லண்டும் தந்த அந்த மாடல், லேபில் குழைத்துத் திரும்ப அமுக்கிய களியின் நடத்தையிலிருந்து பிறந்தது. இயற்கைக் களியில் துகள்களின் அடுக்கும் பிணைப்பும் கூடுதல் பலம் தரும்; யீல்ட் அழுத்தம் என்ற எல்லையைத் தாண்டியதும் அது குலைந்து, மண் வேகமாக அமுங்கும். ஒரே அமுக்கக் குறியீட்டை (அழுத்தம் ஏற ஏற மண் எவ்வளவு அமுங்கும் என்று காட்டும் எண்ணை) வைத்து அமுக்கச் சோதனையின் முழு வளைகோட்டையும் வரைந்தால் இந்தச் சரிவு தெரியாமலே போய்விடும்.

இதைப் பார்க்க நல்ல சாம்பிள் வேண்டும். தடித்த குழாயில் எடுத்து, முனைகளுக்கு மெழுகு வைக்காமல், குலுங்கும் டெம்போவில் லேபுக்கு அனுப்பிய களி, வளைகோட்டில் அந்தக் கூர்மையான திருப்பத்தைக் காட்டாது. யீல்ட் அழுத்தமும் குறைவாகத் தெரியும். தரையில் தாங்கிய அழுத்தத்துக்கு மீண்டும் கொண்டுவரும்போதே வெற்றிட விகிதம் (துகள்களின் கன அளவோடு ஒப்பிட்ட இடைவெளியின் அளவு) தொடக்க மதிப்பில் 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், மென்களியில் அந்த சாம்பிளை நம்பாதீர்கள்.

இந்தக் களியில் என்-மதிப்பு (போர்ஹோலில் சோதனைக் குழாயைச் சுத்தியால் இறக்கத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கை) பெரும்பாலும் 0 முதல் 2 வரைதான். அதிலிருந்து விறைப்பைக் கணக்கிடாதீர்கள்.

பிவிடி (களியிலிருந்து நீரை வெளியேற்றச் செருகும் செங்குத்து வடிகால் பட்டை) போட்ட தளமென்றால், செருகும்போது சுற்றியுள்ள மண் குழம்பி, நீர் ஊடுருவுதல் குறைவதையும் மாடலில் சேர்க்க வேண்டும். சுமை ஏற்றியதும் மண் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் செட்டில்மென்ட் பிளேட் அளவீடுகளை வாங்கி, அவற்றோடு பொருந்தும்வரை அந்த ஊடுருவல் மதிப்பைத் திருத்துங்கள்.