கதவு மாட்டுறதுக்கு முன்னாடி அதோட தலையையும் பாதத்தையும் பாருங்க

போன ஐப்பசில எங்க வீட்டு தலைவாசக் கதவு சிக்கிக்கிச்சு. பாலக்கோடு பக்கம் நாலு நாள் விடாம மழை, அஞ்சாவது நாள் விடியக்காத்தால அம்மா கோலம் போடப் போறாங்க, கதவு வரவே மாட்டேங்குது, அப்பா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு புடிச்சு இழுத்துதான் தொறந்தோம். வீடு கட்டி வருஷம் கூட ஆகல, நல்ல தேக்கு, பாலிஷ் கண்ணாடி மாதிரி மினுங்குது. தை மாசம் கதவைக் கழட்டி தலைகீழா வச்சுப் பாத்தாதான் தெரிஞ்சது, அடிப்பக்கம் வெறும் கட்டை, ஒரு சொட்டு பாலிஷ் படல, தலைப்பக்கமும் அதே கதை. கண்ணுக்குத் தெரியற ரெண்டு முகத்துக்கும் நாலு கோட், தெரியாத இடத்துக்கு பூஜ்யம். தப்பு ஆசாரி மேல மட்டும் இல்ல, பக்கத்துலயே நின்ன நானும் கேக்கல.

அதுக்கப்புறம் நாலு பேர்கிட்ட கேட்டு, நானே கைய வச்சு கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல மரம். கடையில கன அடி கணக்குல போடுவாங்க, அகலம் இஞ்சுல, கனம் இஞ்சுல, நீளம் அடியில, மூணையும் பெருக்கி 144-ஆல வகுத்துக்கோங்க அவ்வளவுதான். 7 அடி உசரம், மூணரை அடி அகலம், ஒன்றரை இஞ்சு கனத்துல கதவுன்னா கழிவு போக மூணு கன அடி. அதாவது 50 கிலோவுக்கு மேல, நடுவுல வர்ற பலகையை (பேனல்) மெலிசா இழைச்சா கொஞ்சம் குறையும். இந்த எடையை மனசுல வச்சுக்கோங்க, கீல் வாங்கும்போது வேணும். தேக்குன்னு பேர் இருந்தா போதாது, வைரம் பாஞ்ச கட்டையான்னு பாருங்க. ஓரத்துல வெளுத்த மஞ்சளா இருக்கறது வெளிமரம், வண்டு மொதல்ல அதைத்தான் துளைக்கும். வேம்புல வைரக்கட்டைக்கு கரையான் சீக்கிரம் வராது, ஆனா நார் மாறி மாறி ஓடும், இழைக்கும்போது பிஞ்சு வரும், நல்லா காயலன்னா முறுக்கிக்கும். கிருஷ்ணகிரி பக்கம் பழைய மாந்தோப்பு வெட்டுனா மாம்பலகை சல்லிசா கிடைக்குதுன்னு சில பேர் எடுத்துடறாங்க, மருந்து ஏத்தாத மாமரத்துல கதவு போடாதீங்க, வண்டுக்கும் கரையானுக்கும் விருந்து வச்ச மாதிரி. பாத்ரூம் தவிர உள் ரூமுக்கெல்லாம் ஃப்ளஷ் டோரே (ரெண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டின தட்டைக் கதவு) போதும், அதுக்கான இந்திய தரக் குறியீடு ஐஎஸ் 2202 முத்திரை இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குங்க.

ஈரம் முக்கியம். மரக்கடையிலயோ ஆசாரிகிட்டயோ ஈரம் பாக்கற மீட்டர் இருந்தா 12 சதவீதம் பக்கத்துல காட்டணும். மீட்டர் இல்லன்னா பலகையை நிழல்ல, நடுவுல ரீப்பர் கட்டை வச்சு அடுக்கி, காத்து போற மாதிரி ரெண்டு மூணு மாசமாவது விடுங்க. ஓசூர் குளிர்லயும் ஈரக்காத்துலயும் கிடந்த பலகையை எடுத்தாந்து அரூர் சித்திரை வெயில்ல கதவா மாட்டுனா சுருங்காம என்ன பண்ணும்? மரம் நீளத்துல அநேகமா மாறாது, அகலத்துலதான் ஊதும் சுருங்கும். அதனாலதான் பேனலை ஃப்ரேம் காடிக்குள்ள பெவிகால் போட்டு ஒட்டக் கூடாது, சும்மா சொருகித்தான் விடணும், அது உள்ள நகரணும். ஒட்டிட்டா வெயில்ல நடுவுல வெடிக்கும். "ஆட்டம் காட்டுது, ஒட்டிடலாமா சார்"னு கேப்பாங்க, வேணாம்னுடுங்க.

அடுத்தது நிலவு. நாங்க நிலவுன்னு சொல்றது வாசக்காலை. நல்ல நாள் பாத்து, நவதானியம் முடிஞ்சு, மஞ்சள் குங்குமம் வச்சு நிறுத்துவோம், எல்லாம் சரி, ஆனா அய்யர் சொன்ன நேரம் தாண்டிடுமேன்னு தூக்குக்குண்டு போடாம நிறுத்திடறாங்க பாருங்க அங்கதான் ஆரம்பிக்குது வினை. நேரத்துக்கு நிறுத்திட்டு, சடங்கு முடிஞ்சதும் பொறுமையா மட்டம் பாருங்க, சிமெண்ட் போட்டு இறுக்கறதுக்குள்ள போதும். தூக்குக்குண்டை ரெண்டு காலுக்கும் முன்பக்கம் ஒரு தடவை, உள்பக்கம் ஒரு தடவைன்னு விடுங்க. அப்புறம் டேப்பை வச்சு மூலைக்கு மூலை குறுக்கால அளங்க, ரெண்டு அளவும் ஒண்ணா வரணும், 3 எம்எம்-க்கு மேல வித்தியாசம் வந்தா மறுபடி தட்டுங்க. செவுத்தோட ஒட்டற பக்கத்துக்கும், கால் அடிப்பக்கத்துக்கும் நிறுத்தறதுக்கு முன்னாடியே ரெண்டு கோட் பிரைமர். செவுரு பூசுனதுக்கப்புறம் அந்த இடம் யாருக்கும் கிடைக்காது. சைடுக்கு மூணு ஹோல்டுபாஸ்ட், அதாவது காலை செவுத்தோட புடிச்சு நிறுத்தற இரும்புப் பட்டை. டைல்ஸ் மட்டத்தை மனசுல வச்சுதான் காலை நிறுத்தணும், கலவையும் டைல்ஸும் சேந்து ரெண்டு ரெண்டரை இஞ்சு மேல வரும், அதை மறந்துட்டு பின்னாடி கதவை அறுத்தவங்க எங்க தெருவுலயே மூணு பேர்.

கரையானுக்கு க்ளோர்பைரிபாஸ் 20 இசி-ங்கற பூச்சி மருந்தை வாங்கி டப்பாவுல போட்டிருக்கற அளவுல தண்ணி கலந்து நிலவடி மண்ணுலயும் செவுத்து ஓரத்துலயும் ஊத்துங்க, கையுறை மூக்குக்கு துணி ரெண்டும் கட்டாயம், கிணறு கிட்ட இருந்தா ஊத்தாதீங்க.

கதவு மாட்டறது சுவாரசியமான வேலை. மூணு கீல், 5 இஞ்சு, கனமான பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ. தலையிலருந்து 7 இஞ்சு விட்டு ஒண்ணு, அடியிலருந்து 10 இஞ்சு விட்டு ஒண்ணு, மூணாவதை நடுவுல வைக்காம மேல் கீலுக்குப் பக்கமா வச்சா தொங்கற பாரத்தை நல்லா தாங்கும். கீல் தகடு எவ்வளவு கனமோ அவ்வளவுதான் உளி போகணும். ஆழமா வெட்டிட்டா கதவு சாத்தும்போது ஸ்ப்ரிங் மாதிரி எதிர்த்து தள்ளும், அப்ப தகட்டுக்கு அடியில ஒரு அட்டையை நறுக்கி வச்சுப் பாருங்க, சரியாயிடும். பித்தளை ஸ்க்ரூவை தேக்குல நேரா முறுக்கினா தலை அறுந்துடும், மொதல்ல சின்ன டிரில் ஓட்டை, அதுல அதே சைஸ் இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவ ஏத்தி எறக்கி எடுத்துட்டு, பித்தளை ஸ்க்ரூவுக்கு சோப்பு தடவி ஏத்துங்க. எங்க ஆசாரி சோப்பைத்தான் எப்பவும் சட்டை பையில வச்சிருப்பார், லைஃப்பாய் வாசனையோட வேலை பாக்கறவர்.

இடைவெளி சைடுக்கு 3 எம்எம், தலைக்கு 3, அடிக்கு 6-லருந்து 8. கதவு பூட்டு பக்க ஓரத்தை, சாத்தும்போது நிலவுக்குள்ள மொதல்ல நுழையற பக்கம் 2 எம்எம் குறையற மாதிரி சாச்சு இழைச்சுக்கோங்க, இல்லன்னா சாத்தும்போது மூலை உரசும். பூட்டு, தாப்பாளுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, பெட்டியில வர்ற பேப்பர் டெம்ப்ளேட்டை ஒட்டி வெட்டுனா போதும். எல்லாம் ஒருதடவ மாட்டி, ஓடுதான்னு பாத்துட்டு, மறுபடி கழட்டி பாலிஷ் போடுங்க, கழட்டாம போட்டா எங்க வீட்டு கதைதான்.

பாலிஷ்னு வந்துட்டா சாண்ட்பேப்பர்தான் பாதி வேலை. 100, 150, 220-ன்னு வரிசையா, நார் ஓடற திசையில மட்டும். குறுக்கால தேச்ச கோடு அப்ப தெரியாது, பாலிஷ் ஏறுனதும் பல்லைக் காட்டும். பிழிஞ்ச ஈரத்துணியால ஒரு தடவ துடைச்சா எழுந்து நிக்கற நாரெல்லாம் தெரியும், காஞ்சதும் 220-ஆல மெல்ல தேச்சுடுங்க. பிசின் வழிஞ்ச இடத்துல கலர் ஏறாது, அதை மொதல்லயே சுரண்டணும். அப்புறம் மரத்தோட துளையை அடைக்கற சீலர் ரெண்டு கோட், நடுவுல 320 சாண்ட்பேப்பர், மேல பாலிஷ் ரெண்டு கோட்.

எதை போடறது? வெயில் மழை படாத உள் கதவுக்கு மெலமைன் பாலிஷ் போதும். தலைவாசலுக்கு, அதுவும் மேக்கு பாத்து வெயில் அடிச்சா, வெளிப்புறத்துக்குன்னே வர்ற பியூ (பாலியூரிதேன்) பாலிஷ், காசு கூடத்தான். பிரெஞ்ச் பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சது, பாக்க அழகு ஆனா தண்ணி நின்னா வெள்ளை தட்டும், சானிடைசர் பட்டா கரைஞ்சே போகும், அதனால வாசலுக்கு வேணாம். ஆளிவிதை எண்ணெய் தேக்கறவங்க ஒண்ணு கவனிங்க, தேச்ச துணியை கசக்கி மூலையில போடாதீங்க, அது தானா சூடேறி தீப்பிடிக்கும், விரிச்சு காயப்போடணும் இல்ல தண்ணியில முக்கிடணும். அடைமழையில பாலிஷ் போடாதீங்க, பனி படிஞ்ச மாதிரி வெளுத்துடும். கதவை ரெண்டு ஸ்டூல் மேல படுக்க வச்சு தலை, அடி, கீல் வெட்டின குழி, பூட்டு ஓட்டை எல்லாத்துலயும் பிரஷ்ஷை விடுங்க. நாரோட நுனி தெரியற இடம் தலையும் அடியும்தான், குழல் மாதிரி தண்ணியை உறிஞ்சறதும் அங்கதான்.

பராமரிப்பு பெருசா இல்ல. காஞ்ச துணி, மாசம் ஒரு தடவ. தேங்காண்ணெய் தடவாதீங்க, அது காயாது, தூசி ஒட்டி கருத்துப் போயிடும். வெள்ளிக்கிழமை வாசப்படி கழுவற வீட்டுல மரப்படிக்கு பதிலா கல்லு படி போட்டுக்கோங்க, கிருஷ்ணகிரி கிரானைட் பக்கத்துலயே இருக்கும்போது மரத்தை எதுக்கு வாராவாரம் நனைக்கணும். அம்மா மஞ்சள் பூசறதை நிறுத்த முடியுமா, அதனால படிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிச்சாச்சு. கதவு பூட்டு பக்கம் மேல உரசுனா மேல் கீல் ஸ்க்ரூ தளந்திருக்கும், ஓட்டையில தீக்குச்சியை பெவிகால்ல முக்கி சொருகி, காஞ்சதும் நீள ஸ்க்ரூ போடுங்க. மழைக்காலத்துல சிக்குதேன்னு அவசரப்பட்டு இழைக்கவே இழைக்காதீங்க, தை மாசி வந்து காஞ்சதும் இடைவெளி வாய் பொளந்துட்டு நிக்கும்.

நாங்க தை வரைக்கும் பொறுத்துட்டு 2 எம்எம் மட்டும் இழைச்சு, ஆறு பக்கமும் பாலிஷ் ஏத்தி மாட்டுனோம். பூஜை ரூம் கதவு இன்னும் கழட்டல, வர்ற ஞாயித்துக்கிழமை அதையும் தலைகீழா வச்சு பாக்கணும்.