பவளத் தொட்டியில் பெயர் தெரியாத உயிரியா? கொல்வதற்கு முன் அடையாளம் காணுங்கள்

கடல்நீர்த் தொட்டியில் உயிர்ப்பாறையும் (சிற்றுயிர்கள் குடியேறிய கடற்பாறை) பவளத் துண்டுகளும் வைத்த சில வாரங்களில், நாம் வாங்காத உயிரினங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும், பாறையிடுக்கிலிருந்து ஒரு புழு தலை நீட்டும். புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் பலர் உடனே மருந்தை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை மிஞ்சிய தீனியையும் பாசியையும் தின்று தொட்டியைத் துப்புரவாக வைப்பவை. தீங்கு செய்பவை சிலவே. அந்தச் சிலவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் போதும்.

முதல் படி: இரவில் பாருங்கள்

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியருகே செல்லுங்கள். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை ஒளி பட்டால் ஓடி ஒளியும் பல உயிரிகள் சிவப்பு ஒளியைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

பிடிக்க அவசரப்பட வேண்டாம். எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்துத் தட்டில் போட்டபின் உடலை மட்டும்தான் பார்க்க முடியும். நடத்தையைத் தொட்டிக்குள்தான் பார்க்க முடியும், பல நேரங்களில் விடையும் அதில்தான் இருக்கிறது. ஒரு சிறு நத்தை கண்ணாடியில் பாசி மேய்ந்தால் கவலையில்லை. அதே அளவுள்ள நத்தை, பெரிய நத்தையின் ஓட்டு விளிம்பிலோ சிப்பியின் அடியிலோ கூட்டமாக ஒட்டியிருந்தால் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி: பிடித்துப் பெரிதாக்குங்கள்

ஊசியில்லாத சிரிஞ்சின் முனையில் காற்றுக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, உயிரியை நீரோடு உறிஞ்சி எடுங்கள். தொட்டி நீர் ஊற்றிய வெள்ளை மூடியில் விட்டு, அடியில் மில்லிமீட்டர் அளவுகோலை வையுங்கள். நகைக்கடைகளில் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸே தொடக்கத்துக்குப் போதும். கைபேசியால் படம் எடுப்பதானால் நீல விளக்கைத் தவிர்த்து வெள்ளை விளக்கில் எடுங்கள். நீல ஒளியில் நிறம் பொய் சொல்லும். தொட்டிக்குள்ளேயே எடுப்பதானால் பம்பை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு நேராக கேமராவைப் பிடியுங்கள்.

வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். முட்புழுவின் வெண்மயிர்கள் கம்பளிப்பூச்சியின் மயிர் போலத் தோலில் குத்தி நிற்கும். குத்திவிட்டால் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். இதைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை: பூச்சியை ஒழிக்கிறேன் என்று பாறையை வேகவைக்கவோ கொதிநீர் ஊற்றவோ கூடாது. பாலித்தோவா வகைப் பவள உறவினங்கள் பாறையில் இருந்தால், பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டிலுள்ளவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்றாம் படி: கால் இருக்கிறதா?

இருந்தால் அது பெரும்பாலும் இறால், நண்டின் உறவினம். 1 மி.மீ. அளவில், கண்ணாடியில் விட்டுவிட்டுத் துள்ளி ஓடுவது கோப்பிபாட். மீன்களுக்கு இதைவிட நல்ல இயற்கை உணவு இல்லை. அதைவிடப் பெரிதாக, வளைந்த உடலோடு பாறையிடுக்கில் ஓடுவது ஆம்பிபாட். இதன் உடல் இரு பக்கவாட்டிலிருந்தும் அழுத்தியது போல் இருக்கும். மேலிருந்து கீழாகத் தட்டையாக இருந்தால் அது ஐசோபாட். சிறிய ஐசோபாட்கள் பல தீங்கற்றவை. ஆனால் பெரிய கண்களோடு, வேகமாக நீந்தி, மீனின் உடலில் பற்றிக்கொள்வதைக் கண்டால் அது சைரோலானிட் வகை. அதைத் தயங்காமல் அகற்றுங்கள்.

நான்காம் படி: புழுவா, தட்டைப்புழுவா?

உடல் கணுக்கணுவாகப் பிரிந்து, பக்கங்களில் மயிர்க்கற்றை இருந்தால் முட்புழு. சாதாரண முட்புழு அழுகியதைத் தின்னும் துப்புரவாளி. செத்த மீன்மேல் அதைக் கண்டு, மீனைக் கொன்றதே அதுதான் என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயம். அவை அளவுமீறிப் பெருகினால் தீனியைக் குறையுங்கள்.

கணுவில்லாமல், துருநிறத்தில், வாலில் சிறு கூர்முனைகளோடு, ஒளி விழும் இடத்தில் கூட்டமாகப் படர்ந்திருப்பது செந்தட்டைப்புழு. இவை மொத்தமாகச் சாகும்போது நஞ்சை வெளிவிடும். எனவே மருந்துக்கு முன் குழாய்வழி உறிஞ்சி, முடிந்தவரை எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒட்டிக்கொண்டிருப்பவை

தொடங்குவோர் அதிகம் குழம்புவது இங்கேதான். கண்ணாடியிலும் பம்பிலும் 1 அல்லது 2 மி.மீ. அளவில் வெள்ளைச் சுருள்கள் தென்பட்டால் அவை ஸ்பைரார்பிட் புழுக்கள். நீரை வடிகட்டி உண்ணும் அப்பாவிகள். பாறையிலிருந்து எழும் கடினமான குழாய்தான் சந்தேகத்துக்குரியது. சிறிது தீனி போட்டுவிட்டுக் காத்திருங்கள். குழாயின் வாயிலிருந்து சளி நூல்கள் வலைபோல் விரிந்தால் அது வெர்மெட்டிட் நத்தை. அந்த வலை பக்கத்துப் பவளங்களை எரிச்சலூட்டும். குழாயை ஒடித்துவிட்டு வாயைப் பசையால் அடைக்கலாம். மாறாக, வாயிலிருந்து இறகுக் கொத்து விரிந்தால் அது இறகுப் புழு. விட்டுவிடுங்கள்.

பழுப்பு நிறத்தில், ஒளி ஊடுருவும் தண்டும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்டு, தொட்டவுடன் சட்டென்று பொந்துக்குள் சுருங்குவது அய்ப்டேசியா என்ற கடல் அனிமோன். இதைச் சுரண்டவே கூடாது. பாறையில் எஞ்சும் சிறு துணுக்கிலிருந்தும் புதிதாக வளரும். பம்பை நிறுத்தி, சுண்ணாம்புப் பசையை அதன் வாயில் செலுத்துவது நல்ல வழி. மிளகுக்கீரை இறாலும் பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தையும் இதைத் தின்னும்.

சமனற்ற கைகளோடு கண்ணாடியில் ஊரும் குட்டி நட்சத்திர மீன் ஆஸ்டெரினா. உடலைப் பிளந்து பெருகுவதால்தான் கைகள் அப்படிக் கோணலாக இருக்கின்றன. பாசி தின்பவைதான் அதிகம். ஆனாலும் பவளத்தின்மேலேயே தொடர்ந்து உட்காருவதைக் கண்டால் அந்த ஒன்றைப் பொறுக்கி எடுங்கள்.

இன்னும் பெயர் தெரியவில்லையென்றால்

துளையிட்ட சிறு பெட்டியில் ஒரு பாறைத் துண்டோடு தனியே வைத்து, தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டுச் சில நாள் கவனியுங்கள். எதைத் தின்கிறது என்பது தெரிந்தாலே வைத்துக்கொள்வதா, அகற்றுவதா என்று முடிவெடுத்துவிடலாம்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் உறைவிப்பானில் வைத்துக் கொன்றபின் குப்பையில் போடுங்கள். உயிரியையோ தொட்டி நீரையோ கடலிலும் கழிமுகத்திலும் விடாதீர்கள். தொட்டிகளில் வளர்த்த காலர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பாசி 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பில் படர்ந்தது. 2000இல் கலிபோர்னியாவில் அதே பாசி தென்பட்டபோது, அதை முற்றாக ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2006 வரை ஆனது.