சபையைப் பாடவிடாத பாட்டு: ஆராதனை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராதனையில் பாடலை நடத்துகிறவருக்கு நல்ல குரல் இருந்தால் போதும் என்று பாடகர் குழுக்களில் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அவருடைய வேலை பாடிக் காட்டுவதன்று, இசைப் பயிற்சியே இல்லாத சபையாரைப் பாடவைப்பதே. கத்தோலிக்கத் திருச்சபை 1967இல் திருவழிபாட்டு இசை குறித்து வெளியிட்ட 'மூசிக்காம் சாக்ராம்' என்ற அறிவுரையும், மக்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டுத் திருப்பலிப் பாடல்கள் அனைத்தையும் பாடகர் குழுவே பாடிவிடும் வழக்கத்தை ஏற்கவில்லை.

சபையின் வாயை அடைக்கும் தவறுகளில் முதலாவது சுருதி. ஒலிப்பதிவில் தேர்ந்த பாடகர் எந்தக் கட்டையில், அதாவது எந்த அடிப்படைச் சுருதியில், பாடினாரோ அதே கட்டையில் கோயிலிலும் தொடங்கிவிடுகிறோம். பல்லவி சிரமமில்லாமல் போகும். சரணம் மேலே ஏறியதும் ஆண்கள் கீழ் ஸ்தாயிக்கு நழுவுவார்கள், பின்வரிசைப் பெண்கள் வெறுமனே வாயசைப்பார்கள். இரண்டு கட்டையில் எடுத்த பாடல் சரணத்தில் மேல் ஸ்தாயியின் 'க' ஸ்வரமான அந்தர காந்தாரத்தைத் தொட்டால், அது கீபோர்டில் 'எஃப் ஷார்ப்'. ஒரு கட்டைக்கு இறக்கினால் அதுவே சற்றுத் தாழ்ந்த 'ஈ' ஆகிவிடும். ஆகவே தொடக்க வரியை வைத்துச் சுருதியை முடிவு செய்யாமல், பாடலின் உச்ச ஸ்வரத்தை முதலில் கண்டுபிடித்து அதிலிருந்து கணக்கிட வேண்டும். நடத்துபவரின் குரலுக்கு அந்தச் சுருதி மந்தமாகப் படலாம். அதைப் பொறுத்துக்கொள்வதும் அவருடைய பொறுப்பில் சேர்ந்ததே.

கீர்த்தனைகளில் நேரும் தவறு வேறு. கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து கர்நாடக ராக, தாள அமைப்பில் வளர்ந்த இந்தப் பாடல்களுக்குப் பாட்டுப் புத்தகத்திலேயே ராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதைப் பார்க்காமல், மூன்று எண்ணிக்கையில் செல்லும் ரூபக தாளக் கீர்த்தனைக்குக் கீபோர்டில் நான்கு எண்ணிக்கை 'ரிதம்' ஒன்றைத் தட்டிவிட்டால், சொற்கள் நடுவில் உடைந்து, மனப்பாடமாகத் தெரிந்த பெரியவர்கள்கூடத் தடுமாறுவார்கள். பிறகு 'பழைய பாட்டு எடுபடவில்லை' என்று அந்தக் கீர்த்தனையின் மேலேயே பழி விழும்.

பாடல்களைச் சனிக்கிழமை இரவில் தனியாகத் தெரிவு செய்துவிட்டு, அன்றைய வேதபாடம் என்னவென்று ஆயரிடம் காலையில் கேட்பதும் தவறே. 'அல்லேலூயா' பாடக் கூடாத தவக்காலத் திருப்பலியில் அதையே பாடத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய சங்கடம் இப்படித்தான் நேர்கிறது. ஒரே ஆராதனையில் இரண்டு மூன்று புதுப் பாடல்களைப் புகுத்துவது, சரணங்களுக்கிடையே சிறு பிரசங்கம் செய்வது, திரையில் அடுத்த வரியைத் தாமதமாகக் காட்டுவது ஆகியவையும் பாடுகிறவர்களைப் பார்வையாளர்களாக்கிவிடும்.

ஒலிபெருக்கியின் அளவை மேடையில் நின்றபடி தீர்மானிக்கக் கூடாது. கடைசிச் சரணத்துக்கு இசைக்கருவிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, நடத்துபவர் மைக்கைவிட்டு ஓரடி விலகி நின்று கேட்கட்டும். அப்போது பாட்டு அறுந்துபோனால், அதுவரை கோயிலில் ஒலித்தது அவருடைய குரல் மட்டுமே.