பழைய நைன்ரிக்குப் புதுச் சாமான் போடுவது

"அண்ணை, எம்டி நைன்ரிக்கு ஒரு பிஸ்ரன் தாங்கோ."

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலைக்கு நிற்கிறேன். எம்டி நைன்ரி என்பது ஹொண்டாவின் MD90 மோட்டார் சைக்கிள். இப்படிக் கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பழசைக் கழற்றிக் கொண்டு வாங்கோ தம்பி."

கடைக்காரன் சாட்டுச் சொல்கிறான் என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓடுகிற பழைய ஹொண்டாவில் டாங்கியில் உள்ள பெயரை நம்பிச் சாமான் கொடுக்க முடியாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், சிலிண்டர் தேயும். மாற்றச் சாமான் இல்லை. ஹொண்டா கப் (Cub) வண்டியின் ஹெட், வேறொன்றின் காபரேற்றர் என்று கிடைத்ததை எல்லாம் பொருத்தினார்கள். உங்களுக்கு முன்னர் அதை வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பது இன்ஜினைத் திறந்தால்தான் தெரியும்.

முதலில் பிஸ்ரனைப் பார்ப்போம். ஹொண்டா 90 இன்ஜின்களில் பழையது 89 சிசி, அதன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மில்லிமீற்றர். பின்னர் வந்த 85 சிசி இன்ஜினில் 47 மில்லிமீற்றர். ஆட்களுக்கு இரண்டுமே "நைன்ரி"தான். கப் 70இன் போரும் 47தான். ஆனால் விட்டம் ஒன்று என்பதற்காக அந்தப் பிஸ்ரன் இதற்குச் சரிவரும் என்று நினைக்காதீர்கள். பிஸ்ரனுக்குக் குறுக்கே போகிற பின் (pin) என்ற கம்பியின் தடிப்பு, அந்தக் கம்பியிலிருந்து பிஸ்ரன் மண்டை வரையான உயரம் இரண்டையும் வேர்ணியரால் அளக்க வேண்டும். பழைய பிஸ்ரனின் மண்டையில் உள்ள கரியைச் சுரண்டினால் 25, 50, 75 என்று ஏதாவது தெரியலாம். அது ஏற்கெனவே போர் பெரிதாக்கிய அளவு: 0.25, 0.50, 0.75 மில்லிமீற்றர். 100 என்று இருந்தால் கடைசி அளவுக்கு வந்துவிட்டது, சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் போட வேண்டிவரும்.

"றிங் மட்டும் மாற்றினால் போதாதா?" என்பார்கள். சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து நகத்தைக் கீழே இழுத்துப் பாருங்கள். சிறு படியொன்று தட்டுப்பட்டால் போதாது. பழைய றிங் அந்தப் படிக்குக் கீழேயே ஓடித் தேய்த்திருக்கும். விளிம்பு தேயாத புது றிங் போய் அந்தப் படியில் இடிக்கும், சிலவேளை உடையும். அப்படியானால் லேத்துக்குத்தான் போக வேண்டும். பிஸ்ரனை முதலில் வாங்கி, அதையும் கையில் கொண்டுபோய்க் கொடுத்துப் போர் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிவிட்டுப் பிஸ்ரன் தேடுவது தலைகீழ் வேலை. பூட்டும்போது றிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே, பிஸ்ரனில் ஐஎன் என்ற அடையாளம் காபரேற்றர் பக்கம். றிங்குகளின் வாய்கள், அதாவது வெட்டு இடைவெளிகள், ஒரே கோட்டில் நிற்கக் கூடாது.

பிளக்கும் அப்படித்தான். 89 சிசி ஹெட்டில் 12 மில்லிமீற்றர் புரி, 85இல் 10. பிளக்கைக் கழற்றினாலே உள்ளே எந்த ஹெட் இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

செயினில் 420, 428 என்று இரண்டு எண் வரும். இரண்டிலும் கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீற்றர்தான், அதனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளகலத்தில்தான் வித்தியாசம். 420இன் உள்ளகலம் 6.35, 428இனது 8க்குக் கிட்ட. 428 பல்லில் 420 இறங்காது. 428 செயினை 420 பல்லில் போட்டால் இறங்கும், ஆனால் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே ஓடும். செயினோடு இரண்டு ஸ்புறொக்கெற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் கெதியாகக் கெடுத்துவிடும்.

இப்போது ஆட்கள் அதிகம் கேட்பது 6 வோல்ற்றை 12 ஆக்குவது பற்றி. வெளிச்சம் போதாது என்று 12 வோல்ற் பல்ப்பை மட்டும் போட்டால் முன்னையதைவிட மங்கலாகத்தான் எரியும். கொயில் தட்டு, அதற்குரிய பிளைவீல், பொயின்ற்றுக்குப் பதிலாக வரும் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டி, இக்னிஷன் கொயில், ரெகுலேற்றர், பற்றறி, பல்ப்புகள், ஹோர்ன், சிக்னல் பிளாஷர் எல்லாம் ஒன்றாக மாற வேண்டும். செலவைக் கேட்டுவிட்டுப் பலர் 6 வோல்ற்றே நல்லது என்று திரும்பிப் போவார்கள். பிளக்குக்குத் தீப்பொறி நேரத்தைக் கொடுக்கிற பொயின்ற் ஒழுங்காக இருக்கிற வண்டிக்கு அது நல்ல முடிவு என்றுதான் நானும் சொல்வேன்.

மாற்றுவதென்றால் புதுப் பிளைவீல் உங்கள் கிராங்கின் கூம்பில் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். கூம்பில் மார்க்கரால் மெல்லப் பூசி, பிளைவீலை நகராமல் பிடிக்கிற கீ என்ற சிறு இரும்புத் துண்டு இல்லாமல் பிளைவீலை வைத்து அழுத்தி ஒரு திருப்புத் திருப்பிக் கழற்றுங்கள். மை சுற்றிவர ஒரேயளவாக அழிந்திருந்தால் சரி. ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தால் அந்தச் சாமான் உங்களுடையதல்ல, திருப்பிக் கொடுங்கள். பழையதைக் கழற்றப் புல்லர் என்ற இழுக்கிற கருவியைப் பாவிக்க வேண்டும், சுத்தியல் வேண்டாம். வயரில் ஹொண்டாவுக்குப் பச்சைதான் எர்த். பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் உப்புக் காற்றுப் பட்டு இணைப்புகளில் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சுரண்டாமல் புதுப் பற்றறி வாங்குவது வீண்காசு. எர்த் போல்ற்றின் கீழே பெயின்ற் இருந்தால் அதையும் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய இறுக்குங்கள்.

கவர்களில் உள்ள குறுக்குவெட்டு ஸ்குறூ ஜப்பான் அளவு. சாதாரண ஸ்குறூட்றைவர் ஆழமாக இறங்காமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் முனை கிடைத்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் தட்டித் திருப்புகிற இம்பக்ற் றைவர். கழற்றிய கையோடு அறுகோணத் தலைப் போல்ற்றாக மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு வால்வு இடைவெளியை இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.05 மில்லிமீற்றருக்கு வையுங்கள். புதுப் பிஸ்ரன் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீற்றர் அக்சிலேற்றரை அதிகம் முறுக்க வேண்டாம், ஒரே வேகத்திலும் ஓட வேண்டாம். அதற்குப் பிறகு பழைய ஒயிலை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக விடுங்கள். வெளியே வரும் ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தால், மினுங்குகிற தூள் கொஞ்சம் வருவது வழமை. துணுக்காக வந்தால் வண்டியை ஓட்டாமல் கராச்சுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.