தோஷிஜிமாவில் வழிகாட்டியோடு நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நகோயாவில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வருகிற தெரிந்தவர்கள் எல்லாம் "அண்ணே, கூட்டமில்லாத இடமா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். மியே மாநிலத்தில், தோபா நகருக்கு எதிரே இருக்கும் தோஷிஜிமாவைச் சொல்வேன். ஈசே விரிகுடாவின் பெரிய தீவு, முழுக்க மீனவர்கள். உள்ளூர்க்காரர் ஒருவரே சந்து சந்தாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். போன மாதம் போய்வந்த இரண்டு பேர், ஆறு வருடத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்தை அச்சு மாறாமல் அடித்துவிட்டு வந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். செருப்பு, குடை பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தீவின் பெயரை மட்டும் பார்த்துப் படகு ஏறுவது

தீவு ஒன்று, துறைகள் மூன்று. மேற்கே மோமோதோரி, கிழக்கே வாகு, அதற்குப் பக்கத்தில் தோஷி. தீவுக்கும் தோஷி, ஊருக்கும் தோஷி, அந்த ஊர்த் துறைக்கும் தோஷி. வம்பு இங்கேதான் ஆரம்பம்.

தோபாவின் சாதாஹாமா துறையில் நகராட்சிப் படகுகள் நிற்கும். மோமோதோரிக்கு ஒரு பாதை, வாகு, தோஷிக்கு இன்னொரு பாதை. எனக்கு அது தெரியாது. நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, "தீவுக்குத்தானே போகுது" என்று முதலில் நின்ற படகில் ஏறிவிட்டேன். கால் மணி நேரத்துக்குள் மோமோதோரியில் இறங்கியாச்சு. துறையில் எங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. வழிகாட்டி அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் "மினாதோ, மினாதோ" என்றேன். துறையில் இருக்கிறோம் என்று அர்த்தம். அவரும் "மினாதோ" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நடுவில் ஒரு மலை!

வரைபடத்தில் விரற்கடை தூரம்தான். நடந்தால் மேடும் இறக்கமுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல். கைகாட்டி நிறுத்த ஆட்டோவா வரும்? நடந்தோம். அந்த அம்மா சிரித்த முகத்தோடுதான் நின்றிருந்தார். ஆனால் மதியம் அவருக்கு மீன் வேலை. இரண்டு மணி நேரச் சுற்றல் நாற்பது நிமிடமாகச் சுருங்கியது. பணம் முழுசாகப் போனது. முன்பதிவு செய்த தளத்தில் துறையின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

ஆகவே, பணம் கட்டும் முன்பே "எந்தத் துறையில் இறங்க வேண்டும்?" என்று கேட்டு, ஜப்பானிய எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதைச் சீட்டு கொடுப்பவரிடம் காட்டுங்கள். செல்போன் வரைபடத்தில் தீவின் பெயரைத் தேடினால் குறி தீவுக்கு நடுவே காட்டில் விழும். அதை நம்ப வேண்டாம்.

கதவில் இருப்பதைக் கிறுக்கல் என்று நினைப்பது

வீட்டுக் கதவுகளில் கரியால் ஒரு வட்டம், உள்ளே எட்டு என்ற ஜப்பானிய எழுத்து. அது ஹாச்சிமான் கோயிலின் குறி. ஆண்டுத் தொடக்கத்தில் வரும் திருவிழாவில் அடித்துப் பிடித்து எடுத்த கரியால், மீன் நிறையக் கிடைக்க வேண்டும் என்று எழுதுவது. என்னோடு வந்த ஒருவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கரையில் கிடப்பதைப் பொறுக்குவது

வெறும் சிப்பி ஓடு வேறு, உயிருள்ளது வேறு. இங்கே 'ஆமா' எனப்படும் முக்குளிக்கும் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் அபலோனி என்ற கடல் நத்தை அவர்களுடைய பிழைப்பு. 2020 டிசம்பரிலிருந்து அபலோனி, கடல் அட்டை இரண்டையும் உரிமையில்லாமல் எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 கோடி யென் வரை அபராதம். கடற்பாசியையும் தொட வேண்டாம்.

சந்தில் நடுவே நின்று படம் எடுப்பது

கைவண்டி வரும். சுவரோடு ஒட்டுங்கள்.

கையில் யென் நோட்டு இல்லாமல் போவது

போகாதீர்கள்.

குகி யோஷிதாகாவை விட்டுவிடுவது

வாகு பக்கம் போனால் இரண்டு மேடுகளையும் கேட்டுப் பாருங்கள். செகிகாஹாரா போரில் தோற்ற பக்கம் நின்ற கடற்படைத் தலைவர் குகி யோஷிதாகா, 1600-இல் இந்தத் தீவில்தான் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். உடல் ஒரு மேட்டில், தலை இன்னொரு மேட்டில். எதிர்ப் பக்கம் நின்ற மகன் மோரிதாகா தந்தைக்கு மன்னிப்பு வாங்கிவிட்டார். அந்தச் செய்திதான் நேரத்துக்கு வந்து சேரவில்லை. தலை புதைத்த மேட்டில் நின்றால் தோபா கோட்டை இருந்த பக்கம் தெரியுமாம். அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு தூரம் ஏற நேரமில்லை.