கிரிப் அறிக்கையில் நின்ற பழைய லீசிங்

காலபோகத்துக்கு முன் உழவு இயந்திரம் எடுக்க, கிளிநொச்சியில் வங்கிக் கடன் கேட்டேன். "கிரிப்பில் பிரச்சினை இருக்கு, அண்ணை" என்றார்கள். கிரிப் (CRIB) என்பது நம் கடன் விபரங்கள் பதிவாகும் இலங்கைக் கடன் தகவல் பணியகம். கறுப்புப் பட்டியலில் விழுந்துவிட்டேன் என்று இரண்டு நாள் நித்திரை இல்லை. அப்படியொரு பட்டியலே கிடையாது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்தப் பணியகம் விபரத்தை மட்டும் சேர்த்து வைக்கிறது. கடன் தருவதா என்று முடிவெடுப்பது வங்கிதான்.

சரி என்று அடையாள அட்டையோடு போய் அறிக்கையை எடுத்தேன். எப்போதோ கட்டி முடித்த மோட்டார் சைக்கிள் லீசிங் இன்னும் நிலுவையில் நின்றது. மச்சானின் ஓட்டோவுக்கு நான் வைத்த பிணையும் அதில் இருந்தது! பிணைக் கையெழுத்தும் நம் பெயரில் ஏறும் என்று அதுவரை தெரியாது. மச்சானோடு பேசி, பிந்திய இரண்டு தவணையையும் கட்ட வைத்தேன். லீசிங்குக்குப் பற்றுச்சீட்டுகளைக் காட்டி, கடன் முடிந்த கடிதம் வாங்கி, திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். திருத்தினார்கள். அந்தப் பற்றுச்சீட்டுகளை எறியாமல் வைத்திருந்தது என் மனைவி.